மூலை வெட்டிய தட்டு

மார்ச் 12

எலிக்கு,

அக்கா போன் பண்ணாமல் கடிதம் போட்டிருக்கிறாளே என்று பயந்துவிடாதே. உயிரோடுதான் இருக்கிறேன். நான்காவது கீமோ ஊசி ஏறியதிலிருந்து காதுக்குள் பிரஷர் குக்கர் வைத்தது போல ஓயாத இரைச்சல். போனில் பேசினால் பாதி கேட்பதில்லை. மெசேஜ் அனுப்பினால் உன் அத்தான் என் போனை எடுத்து ஊருக்கே கேட்கிற மாதிரி வாசிக்கிறார். அக்கறையாம். அதனால்தான் காகிதம். பதிலை டிரைவிங் ஸ்கூல் விலாசத்துக்குப் போடு, தபால் நேராக என் மேஜைக்கு வந்துவிடும்.

காது போனால் போகட்டும். கால்தான் என்னைக் கொல்கிறது. முதலில் விரல்கள் மரத்தன, இப்போது உள்ளங்கால் முழுக்க. செருப்பு கழன்று விழுந்தால்கூட இன்னொருத்தர் சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. நேற்று ஒரு மாணவி, வங்கியில் வேலை பார்ப்பவள், ரவுண்டானாவில் பால் வேனைக் கவனிக்காமல் நேரே விட்டாள். சொல்லிக்கொடுப்பவள் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்குமே, அதை மிதித்தேன். மிதித்தேன் என்றுதான் நினைத்தேன். வண்டி நிற்கவில்லை. குனிந்து பார்த்தால் என் கால் பிரேக்குக்குப் பக்கத்தில் வெறும் தரையை அழுத்திக்கொண்டு நிற்கிறது. வேன்காரர் ஒடித்துத் திருப்பியதால் பிழைத்தோம். அவள் அழுதுகொண்டே, "சாரி மேடம், என் தப்புதான்" என்றாள். நான், "பாத்து ஓட்டும்மா" என்றேன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் நான் சொன்ன பெரிய பொய் அதுதான்.

இன்னும் இரண்டு ஊசி பாக்கி. போட்டால் இந்தக் கால் திரும்ப வருமா என்று டாக்டருக்கே தெரியாது. இந்தக் கால் இல்லாவிட்டால் நான் யார் சொல். அத்தானுக்குச் சட்டை மடித்துக் கொடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற ஒரு நோயாளி.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு பெண் எங்களை வரிசையில் நிற்கவைத்துக் கையெழுத்து வாங்கினாள். சினைப்பையிலிருந்து எடுக்கிற கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டாள். எடுத்து எறியப்போகிறதுதானே, தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அந்தக் காகிதத்தின் தலையில் இருந்தது உன் ஆய்வகத்தின் பெயர். உனக்குத் தெரிந்தால் நீ சோறு தண்ணி இறங்காமல் உட்கார்ந்துவிடுவாய் என்று சொல்லவில்லை. அப்போது கொடுத்த சீட்டில் என் நம்பர் நாற்பத்தேழு. நோய் திரும்பி வருமா வராதா என்று அந்தத் துண்டைப் பார்த்தே சொல்லிவிடுவீர்களாமே. வராது என்றால் இந்த இரண்டு ஊசியை விட்டுவிடுவேன். பார்த்துச் சொல்.

அக்கா


மார்ச் 16

அன்புள்ள அக்காவுக்கு,

நீ அந்த நம்பரை எனக்கு எழுதியிருக்கவே கூடாது. போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை தொண்ணூற்று நான்கு பெண்களின் கட்டியிலிருந்து எடுத்த சாற்றை ஒரே தட்டில் ஊற்றினேன். உள்ளங்கை அகலத் தட்டு, அதில் தொண்ணூற்றாறு குழி. முதல் குழியும் கடைசிக் குழியும் வெறும் தண்ணீர், இரண்டிலிருந்து தொண்ணூற்றைந்து வரை ஆட்கள். சீட்டு நம்பர்தான் குழி நம்பர். நாற்பத்தேழாவது குழியில் ஊற்றும்போது அது நீ என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருந்தது எவ்வளவு நிம்மதி என்று இப்போதுதான் தெரிகிறது.

நாங்கள் செய்வது ஜோசியம் இல்லை. எல்லா உயிரணுவிலும் ஒரே சுவிட்ச் போர்டுதான். எந்த விளக்கு எரிகிறது, எது அணைந்திருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். அதைத்தான் மரபணு வெளிப்பாடு என்கிறோம். கட்டியில் பதினேழு மரபணுக்கள் எவ்வளவு பிரகாசமாக எரிகின்றன என்று அளந்து, ஒரு பெண்ணை நல்ல பக்கத்திலோ கெட்ட பக்கத்திலோ வைக்கிறோம். கெட்ட பக்கத்தில் பத்துப் பேர் இருந்தால் ஆறேழு பேருக்கு இரண்டு வருஷத்துக்குள் திரும்புகிறது. நல்ல பக்கத்தில் மூன்று பேருக்கு. அந்த மூன்றில் நீ உண்டா, இல்லையா என்று எந்த இயந்திரமும் சொல்லாது. இது சரியான கணிப்புதானா என்பதே இன்னும் ஆராய்ச்சியில் இருக்கிறது. இதை வைத்து ஊசியைக் கூட்டவோ குறைக்கவோ டாக்டர்களுக்கே அனுமதி இல்லை.

பார்க்க மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டுத்தான் இந்த வேலையில் சேர்ந்தேன். கேட்காதே அக்கா. காலைப் பற்றி டாக்டரிடம் வாயைத் திறந்து சொல். ஊசியை மட்டும் விட்டுவிடாதே.

எலி


மார்ச் 19

தங்கைக்கு,

பாடம் நன்றாக இருந்தது. சுவிட்ச் போர்டு, விளக்கு எல்லாம் புரிந்தது. அப்பா போன பிறகு உன்னைக் கல்லூரியில் சேர்க்க நான் காலை ஐந்து மணிக்கு வண்டியில் ஏறி உட்கார்ந்தேனே, அப்போது நானும் இப்படி ஏதாவது கையெழுத்துப் போட்டிருந்தால் தப்பித்திருப்பேன்.

என் உடம்பிலிருந்து அறுத்த துண்டு. அதைப் பற்றி உன் இயந்திரத்துக்குத் தெரியும், உன் கம்ப்யூட்டருக்குத் தெரியும், உனக்கு வேண்டுமானால் உனக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியக் கூடாது. நன்றாக இருக்கிறது நியாயம்.

31ஆம் தேதி ஐந்தாவது ஊசி. அதற்குள் பதில் வந்தால் வரட்டும். வராவிட்டால் இனிமேல் நீயும் எழுத வேண்டாம், நானும் எழுத மாட்டேன்.

அக்கா


மார்ச் 23

அக்கா,

நல்ல பக்கம்.

மதியம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தேழுக்கு நேரே பார்த்தேன். இரண்டு பக்கத்தையும் பிரிக்கிற கோட்டுக்கு வெகு கீழே இருக்கிறாய். அழுதுவிட்டேன், சந்தோஷத்தில்தான். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி வேலையில் உட்கார்ந்தேன்.

ஆனால் பத்தில் மூன்று என்று எழுதியிருந்தேனே, அதை மறக்காதே. ஊசியை முடித்துவிடு. இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போடு.

எலி


மார்ச் 28

என் செல்ல எலிக்கு,

நீ ஆயிரம் சொல், நான் படித்தது முதல் இரண்டு வார்த்தையைத்தான். கடிதத்தை ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டே மூன்று வகுப்பு எடுத்தேன். ரிவர்ஸ் எடுக்கத் தெரியாத ஒரு மனிதரைக்கூடத் திட்டவில்லை. அவர் பயந்துபோய், "உடம்பு சரியில்லையா மேடம்?" என்று கேட்டார்.

31ஆம் தேதி நான் போகப்போவதில்லை. குதிக்காதே. பத்தில் ஏழு பேருக்கு வராது என்று சொன்னது நீதானே. நான் என்றைக்கு ஏழில் இல்லாமல் இருந்தேன். டாக்டர் அறைக்குப் போன் போட்டு ஊருக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். அத்தானிடம் டாக்டரே போதும் என்றதாகச் சொல்லியிருக்கிறேன். உளறிவைக்காதே.

இன்னொரு உதவி. ஊசி போடும் கூடத்தில் எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு லைப்ரரியன் அம்மா வருவார். லைப்ரரி என்றே கூப்பிடுவேன். ஐம்பத்தெட்டு வயது, தனிக்கட்டை. நான் வாந்தி எடுத்தபோது என் தலையைப் பிடித்தவர் அவர்தான். எனக்கு ஆபரேஷன் நடந்த அதே வாரம் அவருக்கும். ஆராய்ச்சிக் காகிதத்தில் ஒரே காலையில் வரிசையில் நின்று கையெழுத்துப் போட்டோம், நடுவில் இரண்டே பேர். நம்பர் சீட்டைப் புத்தகத்துக்குள் அடையாளத்துக்கு வைத்திருக்கிறார். ஐம்பது. மூன்று ஊசியோடு போதும், முடியவில்லை என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவருக்கும் நல்ல பக்கம் என்றால் நானும் வற்புறுத்த மாட்டேன். அவரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார். நீ பார்த்துச் சொல்.

அக்கா


ஏப்ரல் 2

அக்கா,

எனக்கு உன் மேல் வருகிற கோபத்துக்கு அளவில்லை. நான் என்ன எழுதினேன், நீ என்ன செய்திருக்கிறாய். போன மாதம் பார்க்க மாட்டேன் என்றவள் பார்த்தேன். முடி என்றேன், நீ விட்டுவிட்டாய். இப்போது யாரோ ஒருத்தரின் புத்தகத்துக்குள் எட்டிப்பார்த்து நம்பர் எடுத்து வந்திருக்கிறாய். என் வேலைக்கு உலை வைத்துவிட்டுத்தான் ஓய்வாய்.

தேட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. உன் நம்பரைத் தேடின அன்றைக்கே இரண்டு மூன்று வரி கீழே கண்ணில் பட்டிருந்தது. பட்டியலிலேயே மேலே நிற்கிற நம்பர்களில் அதுவும் ஒன்று. ஐம்பது கெட்ட பக்கம்.

இதை நான் எழுதுவது ஒரே காரணத்துக்காக. அந்த அம்மாவை நிறுத்தவிடாதே. காலில் விழுந்தாவது கூட்டிக்கொண்டு போ. நம்பரைப் பற்றி மூச்சு விடாதே.

நீயும் போ. கெஞ்சிக் கேட்கிறேன்.

எலி


ஏப்ரல் 9

எலிக்கு,

கூட்டிக்கொண்டு போனேன். காலில் விழவில்லை, வண்டியில் ஏற்றினேன். லைப்ரரிக்கு வெகு நாளாக டிரைவிங் கற்றுக்கொள்ள ஆசை. ஆஸ்பத்திரி வரைக்கும் நீங்களே ஓட்டுங்கள், நான் பக்கத்தில் உட்காருகிறேன் என்று ஆசை காட்டினேன். பழகுநர் உரிமம் வாங்க நானே கூடப் போய் நின்றேன். ஸ்டியரிங்கைப் பிடித்தால் பச்சைக் குழந்தையைப் பிடித்த மாதிரி பிடிக்கிறார். இருபது கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போனால் கண்ணை மூடிக்கொள்கிறார். அப்படியே போய்ச் சேர்ந்தோம்.

வாசலில் வந்து ஸ்டியரிங்கை விடமாட்டேன் என்றார். "வேண்டாம்மா. கால் மரத்துப்போச்சு, நாக்கு செத்துப்போச்சு. போதும், இருக்கிற வரைக்கும் நிம்மதியா படிச்சிட்டுக் கெடக்கேன்" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ அவ்வளவு பேச்சு. "மரத்த காலோட நடக்கிறவங்கள நான் பாத்திருக்கேன். செத்த பிறகு நடக்கிறவங்கள பாத்ததில்ல. பாதியில எறங்குறதுக்கு இது என்ன பஸ்ஸா? எறங்குங்க கீழ" என்றேன். இறங்கினார். நான்காவது ஊசி முடிகிற வரைக்கும் காலடியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துவிட்டேன்.

பாதியில் கையை என் தலைமேல் வைத்து, "வாத்தியாரே, நீ இவ்வளவு நல்லவளா மாறினா எனக்குப் பயமா இருக்கு. உன் தங்கச்சி அந்த ஆராய்ச்சியிலதானே இருக்கா?" என்று கேட்டார். நான் இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். குனிந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். அதிலேயே அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது.

நேற்று போய்ப் பார்த்தால் லைப்ரரி வேலையை ராஜினாமா செய்திருக்கிறார். முப்பத்தொரு வருஷ வேலை. வீட்டில் புத்தகங்களை அட்டைப்பெட்டிகளில் போட்டு, ஒவ்வொன்றின் மேலும் யாருக்கு என்று எழுதி வைத்திருக்கிறார். ஒரு பெட்டியில் வாத்தியார் என்று இருந்தது. எனக்கு அங்கே உட்கார முடியவில்லை. நான் சேமமாக இருக்கிறேன், அவர் பெட்டி கட்டுகிறார். என் சந்தோஷத்தை எங்கே கொண்டு ஒளித்துவைப்பது என்று தெரியவில்லை.

அக்கா


ஏப்ரல் 14

அக்கா,

இதை உட்கார்ந்துகொண்டு படி. பக்கத்தில் மாணவர் யாரும் இருந்தால் அனுப்பிவிடு.

எங்கள் தட்டுகளுக்கு ஒரு மூலை மட்டும் வெட்டியிருக்கும், எந்தப் பக்கம் மேல் பக்கம் என்று தெரிவதற்காக. கையுறை போட்ட கட்டைவிரலால் தடவி, அந்த மூலையை இடது கைப் பக்கம் மேலே வைத்துக்கொண்டு ஊற்ற ஆரம்பிப்பேன். ஒன்பது வருஷமாகக் கண்ணால் பார்த்ததில்லை, விரலே பார்த்துக்கொள்ளும். ஜனவரியில் தட்டு அனுப்பும் கம்பெனியை மாற்றினார்கள். புதிய தட்டில் வெட்டு எதிர் மூலையில் இருக்கிறது. போன வெள்ளிக்கிழமை அந்தப் பெட்டியிலிருந்து இரண்டாவது தட்டை எடுத்தபோது வெளிச்சத்தில் தற்செயலாகப் பார்த்தேன். ஓரத்தில் வரிசைக்கு ஒன்றாக அச்சிட்டிருக்கும் எழுத்துகளில், முதல் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கடைசி எழுத்து.

உங்களுடைய தட்டு அந்தப் பெட்டியின் முதல் தட்டு. நான் தலைகீழாக வைத்து ஊற்றியிருக்கிறேன். இயந்திரம் நேராக வைத்துப் படித்திருக்கிறது. முதல் குழியின் தண்ணீர் கடைசிக் குழியில், இரண்டாவது குழியின் ஆள் தொண்ணூற்றைந்தில். இப்படியே போனால் நடுவில் வந்து நாற்பத்தேழும் ஐம்பதும் இடம் மாறுகின்றன. நீங்கள் இரண்டு பேரும் ஒரே காலையில் இரண்டே பேர் இடைவெளியில் நின்றதால் நடுவில் விழுந்தீர்கள். வெறும் தண்ணீர்க் குழிகளை இரண்டு எதிர் மூலையிலும் வைப்பது என் யோசனைதான், பாதுகாப்பு என்று நான்தான் சொன்னேன். அதனாலேயே திருப்பி வைத்தது யாருக்கும் தெரியவில்லை.

நம்ப முடியாமல் குழாயில் மிச்சமிருந்த சொட்டுகளில் உன்னுடையதைத் தனியாகப் படித்தேன். மூன்று முறை. நல்ல பக்கம் அந்த அம்மாவுடையது. நீ கோட்டுக்கு வெகு மேலே.

அக்கா, பத்தில் மூன்று பேருக்கு, நாலு பேருக்கு வருவதே இல்லை. இந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது, உன்னைப் பற்றியது இல்லை. உடனே டாக்டரிடம் போ. ஒரு நாள்கூடத் தள்ளாதே.

ஆய்வகத்தை நடத்துகிற மேடத்திடம் இன்னும் சொல்லவில்லை. தட்டைப் பற்றிச் சொன்னால் எப்படித் தெரிந்தது, எந்த நம்பரை ஏன் தனியாகப் படித்தாய் என்று கேட்பார்கள். வாயைத் திறந்தாலும் மாட்டிக்கொள்வேன், மூடினாலும் மாட்டிக்கொள்வேன். நாலு நாளாகப் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போய்வருகிறேன்.

என்னைத் திட்டு. திட்டியாவது பதில் போடு.

எலி


ஏப்ரல் 20

தங்கைக்கு,

கடிதம் வந்தது. படித்தேன். அதன் பிறகு இரண்டு வகுப்பு எடுத்தேன், யாருக்கு என்று நினைவில்லை.

நல்ல பக்கம் என்று எழுதியபோது, இந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது, உன்னைப் பற்றியது இல்லை என்று நீ எழுதவில்லை. பத்தில் மூன்று என்று ஒரு வரி ஓரமாகப் போட்டாய். அழுதேன் என்றாய், சந்தோஷத்தில் என்றாய். இப்போது மட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை.

உன்னை மட்டும் குற்றம் சொல்லவில்லை. எனக்கும் அந்த இரண்டு வார்த்தைதான் வேண்டியிருந்தது. உன்னைக் கட்டைவிரல் ஏமாற்றியது, என்னைப் பாதம் ஏமாற்றியது. இரண்டு பேரும் குனிந்து பார்க்கவில்லை.

எனக்கு வந்த எண்ணோடு ஒரு மனுஷி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நான் லைப்ரரிக்கு வாய் கிழியப் பேசியிருக்கிறேன். அவ்வளவும் என்னைப் பற்றி. நாள் முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன், காதில் இரைச்சல் இருந்தும். டாக்டரிடம் இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று தெரியும். எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பக்கம் கால் போகும், இன்னொரு பக்கம் நானே போவேன். நடுவில் உட்கார்ந்திருக்கிறேன்.

நீ எனக்கு எழுதிய கடிதங்கள் எதையும் நான் கிழிக்கவில்லை. மார்ச் 23, ஏப்ரல் 2, ஏப்ரல் 14, மூன்றையும் இதோடு வைத்திருக்கிறேன். உன் மேடத்தின் மேஜையில் கொண்டுபோய் வை. என்னையும் லைப்ரரியையும் விட்டால் அந்தத் தட்டில் இன்னும் நாற்பத்தாறு ஜோடிப் பெண்கள் இடம் மாறிக் கிடக்கிறார்கள். நகல் எடுத்து வைத்திருக்கிறேன். மாதக் கடைசிக்குள் நீ கொடுக்காவிட்டால் நான் தபாலில் போடுவேன். போடுவேன் என்று உனக்குத் தெரியும்.

அக்கா


ஏப்ரல் 24

அக்கா,

கொடுத்துவிட்டேன். மூன்றையும்.

மேடம் கதவைச் சாத்திவிட்டு நிதானமாகப் படித்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தப்புன்னு தெரிஞ்சதும் மூணு தடவை படிச்சிருக்கீங்க. உங்க அக்காவுக்கு நல்ல ரிசல்ட் வந்தப்ப ஒரு தடவையாவது சந்தேகப்பட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். ஒரு நொடிகூட இல்லை. கெட்டது வந்திருந்தால் அன்றைக்கே தட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்திருப்பேன்.

தட்டைத் தொட இனி எனக்கு அனுமதி இல்லை. விசாரணை முடியும் வரை உறைபெட்டி அறையில் பழைய குழாய்களுக்குச் சீட்டு ஒட்டுகிறேன். ஜன்னல் இல்லாத அறை. கதவை உள்ளேயிருந்து திறக்க முடியும், ஆனால் திறந்து எங்கே போவது என்று தெரியவில்லை. வேலை போகும் என்றுதான் நினைக்கிறேன். பட்டியலைத் திருத்திவிட்டார்கள். அது யாருக்கும் சொல்லப்படாது, முதலிலும் சொல்லியிருக்கக் கூடாதுதான்.

டாக்டரிடம் போனாயா? அதை மட்டும் எழுது. என்னை மன்னிக்க வேண்டாம், போனேன் என்று ஒரு வார்த்தை போடு.

எலி


ஏப்ரல் 28

எலிக்கு,

போனேன். இதை ஊசி போடும் கூடத்திலிருந்துதான் எழுதுகிறேன். இடது கையில் மருந்து ஏறுகிறது, வலது கையில் பேனா. மடியில் வைத்து எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும். பொறுத்துக்கொள்.

லைப்ரரியிடம் சொன்னது சனிக்கிழமை. பெட்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினேன். புத்தகத்தில் சீட்டைப் பார்த்தது, உன்னிடம் கேட்டது, தட்டு, மூலை, எல்லாம். உங்களுடையது நல்ல பக்கம் என்றேன். சந்தோஷப்படுவார் என்று எந்த முட்டாள்தனத்தில் நினைத்தேனோ. "என் வேலைய விட்டுட்டேனேடி" என்றார். அவ்வளவுதான். முகத்தில் அடித்திருந்தால்கூட வலித்திருக்காது. நான் வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இன்று காலை எங்கள் வீட்டு வாசலில் அவர். கையில் ஆஸ்பத்திரிப் பை, போர்வை, தண்ணீர் பாட்டில். அவருக்கு இன்றைக்கு ஐந்தாவது ஊசி. நான் வரவில்லை, கால் சரியில்லை, டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது என்று என்னென்னவோ சொன்னேன். அவர் கொக்கியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார். "பாதியில எறங்குறதுக்கு இது என்ன பஸ்ஸா? ஏறு" என்றார். உன் அத்தான் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். ஊசியை நான்தான் விட்டேன் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. செருப்பை எடுத்து வந்து, குனிந்து, என் காலில் மாட்டிவிட்டார்.

டாக்டர் கோபிக்கவில்லை. என் பாதத்தில் ஊசியால் குத்திக் குத்திப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை என்றேன். "கால் இவ்வளவு மோசம்னு மார்ச்லயே சொல்லியிருந்தீங்கன்னா இந்த மருந்தையே மாத்திக் குடுத்திருப்பேனே. காலக் கெடுக்காம சிகிச்சை பண்ண வேற வழி இருக்கு. ஏன் சொல்லல?" என்று கேட்டார். நீயும் அதைத்தான் முதல் கடிதத்தில் எழுதியிருந்தாய். நான் எண்ணைக் கேட்டேன், எண்ணை நம்பி நான்கு வாரம் போக்கினேன். இடைவெளி கெடுதல் செய்ததா என்றேன். நல்லது செய்யவில்லை என்றார். வேறு மருந்து எழுதினார். மற்ற கேள்விகளை நானும் கேட்கவில்லை.

இந்தக் கூடத்தில் பதினான்கு நாற்காலி இருக்கிறது. இவர்களில் சிலரும் உன் தட்டில் இருப்பார்கள். ஒரு பெண் தூங்குகிறாள், ஒருத்தி பாட்டுக் கேட்கிறாள், ஒருத்தி மகளைப் போனில் திட்டிக்கொண்டிருக்கிறாள். அவர்களுக்குத் தங்கள் எண் தெரியாது. எனக்கு அவர்களைப் பார்த்தால் வயிறு எரிகிறது. லைப்ரரியும் என் எண்ணைத் தெரிந்துகொண்டுவிட்டார், நானும் அவருடையதைத் தெரிந்துகொண்டுவிட்டேன். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசப் பழகிக்கொண்டிருக்கிறோம். அவர் பெட்டிகளைப் பிரிக்கவில்லை. லைப்ரரியில் அவர் இடத்துக்கு ஆள் போட்டுவிட்டார்களாம்.

உன் வேலை போனால் இங்கே வா. மன்னிப்பைப் பற்றி எனக்கு இப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கோபம் இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனாலும் வா. இன்றைக்கு இங்கிருந்து திரும்பிப் போக அத்தான் வந்து என்னையும் லைப்ரரியையும் அழைத்துப்போவார், உன்னையும் ஸ்டேஷனில் வந்து அழைத்துக்கொள்ளச் சொல்கிறேன்.

காலையில் வரும்போது லைப்ரரிதான் ஓட்டினார். நான் என் பழைய இடத்தில், பக்கத்தில். ஆஸ்பத்திரி முனையில் ஒரு சைக்கிள்காரர் குறுக்கே வந்துவிட்டார். நான் என் பக்கத்துப் பிரேக்கை மிதித்தேன். வண்டி நின்றது. நிறுத்தியது நானா அவரா என்று எனக்குத் தெரியவில்லை. அவரைக் கேட்கவில்லை. குனிந்தும் பார்க்கவில்லை.

அக்கா